கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்: தனிப் பட்டமா, கணினி அறிவியலா, கலைப் பட்டமா?

நிரல் எழுதுவதில் ஈடுபாடு உண்டு, வரைவதிலோ இசையிலோ காட்சி வடிவமைப்பிலோ அதே அளவு ஈடுபாடு உண்டு என்னும் மாணவருக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் நேரம் சங்கடமானது. கணினியைப் படைப்பு ஊடகமாகக் கையாளக் கற்பிக்கும் கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங் என்ற தனிப் பட்டத்தில் அவர் சேரலாம். வழக்கமான கணினி அறிவியல் பட்டத்தில் சேர்ந்து கலையைத் தன் போக்கில் தொடரலாம். நுண்கலை அல்லது வடிவமைப்புப் பட்டத்தில் சேர்ந்து நிரலாக்கத்தைக் கூடவே கற்கலாம். முதல் பட்டத்தை ஏதேனும் ஒரு பக்கத்தில் முடித்துவிட்டு, முதுகலையில் இரண்டையும் இணைக்கலாம். நான்கு வழிகளிலும் சென்று நல்ல படைப்பாளிகளானவர்கள் இருப்பதால், இவற்றில் எது சிறந்தது என்று பொதுப்படையாகக் கேட்பதில் பயனில்லை. எந்த மாணவருக்கு எது பொருந்தும் என்று கேட்டால் விடை கிடைக்கும். அதற்கு நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றுதான். அந்த மாணவர் தன் போக்கில் விட்டால் ஒருபோதும் செய்யமாட்டார் என்று தோன்றுவது எதுவோ, அதைக் கட்டாயமாகச் செய்ய வைக்கும் பட்டமே அவருக்கு ஏற்றது. விருப்பமானதை எப்படியும் இரவில் உட்கார்ந்து கற்றுக்கொள்வார். அதற்கு ஒரு பல்கலைக்கழகம் தேவையில்லை.

இத்துறையின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகத் தெரிகிறது. இதை உருவாக்கியவர்கள் எவரும் இதில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். 1965இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் கணினி வரைந்த படங்களைக் காட்சிக்கு வைத்த கேயார்க் நேஸும், அதே ஆண்டில் தம் படங்களைக் காட்சிப்படுத்திய ஃப்ரீடர் நாக்கேயும் கணிதம் பயின்றவர்கள். அந்த ஆண்டே நியூயார்க்கில் படங்களைக் காட்சிப்படுத்திய மைக்கேல் நோல், பெல் ஆய்வகத்தின் பொறியாளர். மறுபக்கத்தில், வேரா மோல்னார் ஓவியக் கல்வி பெற்றவர். 1968இல்தான் கணினியைக் கையில் எடுத்தார். 1966ஆம் ஆண்டு வெனிஸ் பியெனாலே என்னும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் பிரிட்டனின் சார்பில் பங்கேற்ற ஓவியர் ஹரால்ட் கோஹன், அதன்பின் கலிஃபோர்னியாவுக்குச் சென்று நிரல் எழுதக் கற்று, தானே வரையும் ‘ஆரன்’ என்ற நிரலைப் பல பத்தாண்டுகள் வளர்த்தார். ஆகவே கணினி அறிவியல் வாசல், கலை வாசல் இரண்டும் பழைய வாசல்கள். அவற்றின் வழியாக உள்ளே வர முடியும் என்பதற்கு நிரூபணம் தேவையில்லை. தனிப் பட்டம் என்பது பின்னால் வந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஐ.டி.பி. என்னும் முதுகலைத் திட்டம் 1979இல் தொடங்கியது, எம்.ஐ.டி. மீடியா லேப் 1985இல் திறக்கப்பட்டது. அங்கே பேராசிரியர் ஜான் மேடாவின் மாணவர்களாக இருந்த கேஸி ரீஸும் பென் ஃப்ரையும் 2001இல் ‘பிராசஸிங்’ என்ற நிரலாக்கச் சூழலைத் தொடங்கியபின்தான், இளநிலை வகுப்பில் முதல் நாளே திரையில் வட்டம் வரைந்து நிரலாக்கத்தைத் தொடங்கும் கற்பித்தல் முறை பரவலானது. இன்று லண்டனில் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியும் யூனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸும் இத்துறைக்குப் பெயர்போனவை.

தனிப் பட்டத்தில் என்ன கற்பிக்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறினாலும், பொதுவான உருவம் ஒன்று உண்டு. முதல் ஆண்டில் பிராசஸிங் அல்லது அதன் ஜாவாஸ்கிரிப்ட் வடிவமான பி5 மூலம் நிரலாக்கம், கூடவே கொஞ்சம் கணிதம், கொஞ்சம் கலை வரலாறு. அடுத்து ஆர்டுயினோ போன்ற மைக்ரோகன்ட்ரோலருடன் சென்சார்களை இணைக்கும் வேலை, ஒலியாக்கம், முப்பரிமாண வரைகலை, இயந்திரக் கற்றல். இறுதி ஆண்டில் ஒரு பெரிய தனித் திட்டமும் பொதுக் கண்காட்சியும். மதிப்பெண்ணில் பெரும்பகுதி எழுத்துத் தேர்வுக்குப் பதிலாகச் செய்துகாட்டிய படைப்புக்கும் அதைப் பற்றி எழுதிய அறிக்கைக்கும் கிடைக்கிறது. இதைப் படித்ததும் மனம் துள்ளும் மாணவர் சற்று நிதானிக்க வேண்டும். பட்டியல் நீளமாக இருக்கிறது, ஆண்டுகளோ மூன்று அல்லது நான்குதான். ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஆழம் கிடைக்கும் என்ற கேள்வியை விளம்பரக் கையேடு எழுப்பாது. மாணவர்தான் எழுப்ப வேண்டும்.

மூன்று பட்டங்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடப்பெயர்களைக் காட்டிலும் ஒரு வேலையை வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு காட்சிக்கூடத்தின் சுவரில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூட்டமாகப் பறக்க வேண்டும். பார்வையாளர் முன்னால் வந்தால் கேமரா அவரைக் கண்டு, கூட்டம் கலைந்து மீண்டும் சேர வேண்டும். இதற்கான அடிப்படையை கிரெய்க் ரேனால்ட்ஸ் 1987இல் வெளியிட்டுவிட்டார். ஒவ்வொரு பறவையும் அண்டையில் உள்ளவற்றோடு மோதாமல் விலக வேண்டும், அவை செல்லும் திசையோடு தன் திசையை இசைவிக்க வேண்டும், அவற்றின் நடுவிடம் நோக்கி நகர வேண்டும். இந்த மூன்று விதிகளே போதும். தலைமைப் பறவை என்று எதுவும் வேண்டியதில்லை.

கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங் மாணவர் இதை மிக விரைவில் ஓட வைத்துவிடுவார். அண்டைப் பறவைகளைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பறவையையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடும் எளிய முறையில் எழுதினால், 1,000 பறவைகளுக்கு ஒரு சட்டகத்துக்கு (திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் படங்களில் ஒன்றுக்கு) ஏறக்குறைய 10 லட்சம் ஒப்பீடுகள் ஆகும். நொடிக்கு 60 சட்டகம் என்றால் 6 கோடி. சாதாரண மடிக்கணினி இதைச் சமாளித்துவிடும். காட்சிக்கூடச் சுவர் பெரியது, 10,000 பறவைகள் வேண்டும் என்று முடிவானதும் ஒப்பீடுகள் பத்து மடங்காக அல்ல, நூறு மடங்காகப் பெருகி நொடிக்கு 600 கோடியைத் தொடும். ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் நேரம் 17 மில்லி நொடிக்கும் குறைவு. படம் தடுமாறித் தடுமாறி நகரும்.

கணினி அறிவியல் மாணவர் இந்தத் தடுமாற்றத்தைப் பார்த்தவுடன் காரணத்தைச் சொல்லிவிடுவார். திரையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பறவையும் தன் கட்டத்திலும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களிலும் மட்டும் அண்டைகளைத் தேடினால் போதும் என்பது தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் பழகிய சிந்தனை. இன்னும் தேர்ந்தவராக இருந்தால், பறவைகள் எல்லாம் நடுவிடம் நோக்கி நகர்ந்து ஒரே கட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டால் இந்த உத்தி பயனற்றுப்போகும் என்பதையும், விலகும் விதியின் அளவைக் கூட்டினால் அது சரியாகும் என்பதையும் சேர்த்துச் சொல்வார். ஆனால் அவர் தன் ஆய்வகத்தின் வெள்ளை வெளிச்சத்தில் சோதித்த கேமரா நிரல், இருட்டான காட்சிக்கூடத்தில் மனிதர்களையே காணாமல் திணறும். புரொஜெக்டர் சுவரில் காட்டும் பறவைகளையே நகரும் மனிதர்களாக எண்ணிக்கொள்ளும். அகச்சிவப்பு விளக்கும் அதை மட்டும் பார்க்கும் கேமராவும் வைத்து இதைத் தீர்ப்பது, கூடங்களில் வேலை செய்து பழகியவர்களுக்கு அன்றாட விஷயம். அந்தப் பழக்கத்தைக் கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங் மாணவர் இரண்டாம் ஆண்டிலேயே பெற்றுவிட வாய்ப்பு உண்டு.

கலைப் பட்டத்தில் பயிலும் மாணவர் கேட்கும் கேள்வி வேறு. பார்வையாளர் வந்தார், கையை அசைத்தார், பறவைகள் கலைந்தன, அதற்குப் பிறகு? ஊடாடும் படைப்புகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் முடிந்துபோகின்றன என்பது என் கருத்து. கை அசைத்தால் ஏதோ நடக்கிறது என்பதைக் கண்டுபிடித்த கணமே பார்வையாளருக்குப் படைப்பின் மேல் இருந்த ஆர்வம் தீர்ந்துவிடுகிறது. பறவைகள் ஏன், கலைவது ஏன், யாருமே வராத ஒரு மணி நேரத்தில் சுவர் என்ன செய்துகொண்டிருக்கும் என்று கேட்கும் பழக்கம் ஸ்டுடியோ விமர்சன அமர்வுகளில்தான் உருவாகிறது. செய்ததைச் சுவரில் மாட்டிவிட்டு, ஆசிரியரும் சக மாணவர்களும் அதைப் பற்றிப் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டு நிற்பது இனிமையான அனுபவம் அன்று. அதை வீட்டில் தனியாக நடத்தவும் முடியாது. கலைப் பட்டம் தருவனவற்றுள் எனக்கு விலைமதிப்பு மிக்கதாகப் படுவது இதுதான்.

கணிதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் இதில்தான் தம்மைத் தவறாக மதிப்பிடுகிறார்கள். வரைகலைக்கு நேரியல் இயற்கணிதம் வேண்டும்; முப்பரிமாணப் பொருளைச் சுழற்றுவது, நகர்த்துவது, கேமராக் கோணத்துக்கு மாற்றுவது எல்லாம் அணிப் பெருக்கலே. ஒலிக்கு, அதை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியே உருமாற்றம் வேண்டும். இயந்திரக் கற்றலுக்கு நிகழ்தகவும் நுண்கணிதமும் வேண்டும். இவற்றின் பயனை நூலகச் செயற்கூறுகளாக அழைத்துப் பயன்படுத்த யாராலும் முடியும். விரும்பிய விளைவு வராதபோது உள்ளே புகுந்து மாற்றுவதற்குத்தான் கணிதம் தேவைப்படுகிறது. கென் பெர்லின் 1980களில் உருவாக்கிய இரைச்சல் செயற்கூறு நல்ல உதாரணம். வெறும் சீரற்ற எண்களைக் கொண்டு மேகம் வரைந்தால் தொலைக்காட்சிப் புள்ளிகள்போல் தெரியும். அவருடைய முறை அடுத்தடுத்த புள்ளிகளின் மதிப்புகளை வழுவழுப்பாக இணைப்பதால் புகையும் பளிங்கும் மேகமும் அதிலிருந்து பிறக்கின்றன. பிராசஸிங்கில் இதை ஒரே சொல்லால் அழைத்துவிடலாம். அதன் உள்ளமைப்பைப் புரிந்துகொண்டவர் மட்டுமே அதைப் பல அடுக்குகளாகக் கலந்து, திரித்து, வரைகலைச் செயலியில் ஓடும் சிறு நிரலான ஷேடரில் எழுதித் தன் முத்திரை உள்ள தோற்றமாக மாற்ற முடிகிறது.

வாரந்தோறும் பயிற்சித்தாள், பருவ இறுதியில் தேர்வு என்ற கட்டாயம் இல்லாமல் இருபது வயதுக்குப் பின் நேரியல் இயற்கணிதத்தைத் தனியாகப் படித்து முடிப்பவர்கள் மிகக் குறைவு. பி5 கற்றுக்கொள்வதற்கோ இலவசமாகக் கிடைக்கும் காணொளிகளே போதும். இந்த ஏற்றத்தாழ்வு என் பார்வையில் கணினி அறிவியல் பட்டத்தின் பக்கம் பெரும் எடையைச் சேர்க்கிறது. அப்பட்டம் சலிப்பூட்டும் என்பது உண்மை. இயங்குதளம், கம்பைலர், தரவுத்தளம் என்று கழியும் பருவங்களில் கலைக்கு நேரமே கிடைக்காமல் போவதும் உண்மை. கணினி அறிவியலில் சேர்ந்து ஓய்வு நேரத்தில் வரைவேன் என்று சொன்னவர்கள், மூன்றாம் பருவத்திலேயே அந்த ஓய்வு நேரத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். வரையும் பழக்கம் ஏற்கெனவே கைவந்துவிட்டவருக்கு இந்த இடைவெளி பெரிதாகப் பாதிப்பதில்லை. அது இன்னும் விருப்பமாக மட்டும் இருப்பவருக்கு அது அங்கேயே உலர்ந்துபோகக்கூடும்.

கருவிகளின் ஆயுளையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2000களின் தொடக்கத்தில் ஊடாடும் வடிவமைப்பு என்றால், இணையப் பக்கங்களில் அசைபடங்களும் விளையாட்டுகளும் செய்ய உதவிய ஃப்ளாஷ் மென்பொருள் என்றே பொருள். பாடத்திட்டங்கள் அதைச் சுற்றியே அமைந்தன. 2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனம் ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்தியது. அதில் செய்யப்பட்ட எண்ணற்ற படைப்புகள் உலாவிகளில் திறக்க முடியாதவையாயின. அதற்கு முன்பு கோலோச்சிய டைரக்டர் மென்பொருளும் 2017இல் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. மறுபக்கத்தில், மில்லர் பக்கெட் 1980களில் பாரிஸின் இர்காம் இசை ஆய்வகத்தில் தொடங்கிய மேக்ஸ் என்னும் இசை நிரலாக்க மென்பொருள் இன்றும் இசைக் கலைஞர்களின் மேசையில் இருக்கிறது. எது நிலைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. ஆகையால் ஒரு தனிப் பட்டத்தை ஒப்பிடும்போது, பாடப்பெயர்களில் மென்பொருளின் பெயர் எத்தனை இடங்களில் வருகிறது என்று பாருங்கள். விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் யூனிட்டி மென்பொருளின் பெயரால் ‘யூனிட்டி 1’, ‘யூனிட்டி 2’ என்று பாடங்கள் போகும் திட்டத்தைவிட, ‘நிகழ்நேர வரைகலை’ என்று பெயரிட்டு அதற்குள் யூனிட்டியையும் கற்பிக்கும் திட்டம் மாணவருக்கு நீண்ட நாள் கைகொடுக்கும்.

நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் இந்த ஒப்பீடு மாறிவிட்டதா என்று கேட்கப்படுகிறது. மாறியிருக்கிறது, ஆனால் பலர் நினைக்கும் திசையில் அன்று. மேலே சொன்ன பறவைக் கூட்டத்தின் முதல் வடிவத்தை இப்போது எவரும் சில நிமிடங்களில் வரவழைத்துவிடலாம். எனவே ஓட வைத்துக் காட்டுவதற்கு முன்பு இருந்த மதிப்பு சரிந்துவிட்டது. தடுமாற்றத்துக்குக் காரணம் கண்டறிவதும், இதைப் பார்க்க எவராவது ஏன் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை காண்பதும் மதிப்பிழக்கவில்லை. முதலாவது கணினி அறிவியலின் பலம், இரண்டாவது கலைக் கல்வியின் பலம். நடுவில் நிற்கும் தனிப் பட்டம் இரண்டில் ஒன்றையாவது ஆழமாகத் தராவிட்டால், அதன் பட்டதாரி முன்பைவிடக் கடினமான நிலையில் இருப்பார். நல்ல தனிப் பட்டங்கள் இதை உணர்ந்து அல்காரிதம் பாடத்தைக் கட்டாயமாக்குகின்றன, விமர்சன அமர்வுகளையும் வாரந்தோறும் நடத்துகின்றன. அப்படிப்பட்ட இடம் கிடைத்தால் மற்ற இரண்டு வழிகளையும் விட அதையே நான் பரிந்துரைப்பேன்.

வேலைவாய்ப்பைப் பற்றி நீளமாகப் பேச அதிகம் இல்லை. விளையாட்டு நிறுவனங்களும் வடிவமைப்பு ஸ்டுடியோக்களும் போர்ட்ஃபோலியோவைப் பார்த்தே அழைக்கின்றன. பொதுவான மென்பொருள் வேலைக்குக் கணினி அறிவியல் என்ற பெயர் வாசலை எளிதாகத் திறக்கிறது. கவனிக்க வேண்டியது மேற்படிப்பு. கணினி அறிவியலில் முதுகலையோ ஆய்வோ செய்ய விரும்பினால், தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம், தனிநிலைக் கணிதம் போன்றவை மதிப்பெண் பட்டியலில் இருக்கின்றனவா என்று சேர்க்கைக் குழு தேடும். பட்டத்தின் பெயர் எதுவாயினும் இந்தப் பாடங்கள் இருந்தால் அந்தக் கதவு திறந்தே இருக்கும். இல்லாவிட்டால் பின்னால் தனியாகப் படித்துச் சேர்க்க வேண்டிவரும்.

நான்காவது வழியான முதுகலை, தன் நாட்டம் எதில் என்று இன்னும் தெளிவாகாதவருக்கு ஏற்றது. ஐ.டி.பி. போன்ற இடங்களில் பொறியாளரும் நடனக் கலைஞரும் ஒரே மேசையில் சென்சாருக்கு ஈயப்பற்று வைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். வெவ்வேறு பயிற்சியுடன் வந்தவர்கள் கூடும் வகுப்பில் கிடைக்கும் உரையாடல், பதினெட்டு வயதினர் மட்டும் நிறைந்த வகுப்பில் கிடைப்பதில்லை. செலவும் இன்னும் இரண்டு ஆண்டுகளும் கூடுதலாக ஆகும் என்பதே இதன் குறை. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் கணினி அறிவியலையும் கலைகளையும் ஒரே இளநிலைப் பட்டமாக இணைத்து நடத்துகிறது. இத்தகைய இணைப்புப் பட்டங்களில் கணினி அறிவியல் பாடங்களும் கலைப் பாடங்களும் அந்தந்தத் துறைகளிலேயே நடத்தப்படுவதால் ஆழம் குறைவதில்லை. ஆனால் பாடச்சுமை மிகுதி, இடங்களும் சில.

என் தேர்வைச் சொல்வதானால் இப்படிச் சொல்வேன். பள்ளிக் கணிதத்தில் தடையின்றி வந்தவர், யாரும் சொல்லாமலே ஆண்டுக்கணக்கில் வரைந்தோ இசைத்தோ கொண்டிருப்பவர், கணினி அறிவியலில் சேர்ந்து வரைகலைப் பாடங்களை விருப்பப் பாடங்களாக எடுக்கட்டும். நிரல் தானாகவே எழுதிக்கொண்டிருப்பவர், ஆனால் செய்ததை யாரிடமும் காட்டாமல் கோப்புறைக்குள் புதைத்து வைப்பவர், கலைப் பட்டத்தையோ விமர்சன அமர்வு வலுவாக உள்ள தனிப் பட்டத்தையோ நாடட்டும். இரண்டையும் தொடங்கி இரண்டையும் பாதியில் விடுபவருக்குத் தனிப் பட்டமே சரி. வாரக் கெடுவும் கண்காட்சித் தேதியும் அவரை முடிக்க வைக்கும்.

தனிப் பட்டத்தை எண்ணியிருப்பவர் விண்ணப்பிக்கும் முன் இரண்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முதலாவது, சென்ற ஆண்டின் இறுதியாண்டு மாணவர்கள் செய்த திட்டங்கள். பெரும்பாலான துறைகள் அவற்றைப் பொதுவில் வைக்கின்றன. அவை எல்லாம் ஒரே சாயலில் இருந்தால், ஆசிரியர்கள் ஒரு வார்ப்புருவைக் கற்பிக்கிறார்கள் என்று பொருள். ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒருவர் ஒலிக்கருவியும் ஒருவர் கவிதை எழுதும் நிரலும் ஒருவர் தையல் இயந்திரத்தைக் கணினியோடு இணைத்த படைப்பும் செய்திருந்தால் அது நல்ல அறிகுறி. இரண்டாவது, முதல் ஆண்டு முடிவில் கணினி அறிவியலுக்கு மாறிக்கொள்ள விதி இடம் தருகிறதா என்பது. முதல் ஆண்டு நிரலாக்கப் பாடங்களை இரு துறைகளும் பொதுவாக நடத்தும் பல்கலைக்கழகங்களில் இது எளிது. தனித்தனியாக நடத்தும் இடங்களில், மாற விரும்பும் மாணவர் முதலாம் ஆண்டை மீண்டும் படிக்க நேரிடலாம் என்பதால், இதைச் சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது.